காலிக் கோட்டையை அளக்கச் சொன்னவர்

வெளிக்களப் பயணத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது எப்படி என்று எழுதித் தரும்படி புதிதாக ஆசிரியர் நியமனம் பெற்ற உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். எத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், முதலுதவிப் பெட்டியில் என்ன இருக்க வேண்டும், யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் சுற்றறிக்கையில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். அதில் இல்லாத ஒன்றைத்தான் நான் சொல்ல முடியும். சொன்ன பிறகு என்னை எந்தப் பயிற்சி வகுப்புக்கும் கூப்பிட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கூப்பிடாவிட்டாலும் பாதகமில்லை, வயதாகிவிட்டது, பேசினால் மூச்சு வாங்குகிறது.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துப் பாடசாலைக்கு வந்து சேர்ந்தேன். சேவை செய்ய வந்தேன் என்று பிரியாவிடைக் கூட்டத்தில் பேசினார்கள். பொய். ஒளிந்துகொள்ள வந்தேன். ஊரில் செல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. கொழும்பில் லொட்ஜில் தங்கியிருந்த என் ஊர்க்காரரைப் புலியென்று சந்தேகித்துக் கண்டபடி பிடித்துக்கொண்டு போனார்கள். இந்த மலையில் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. 'யாப்பாணத்து சேர்' என்று மரியாதை தந்தார்கள், பலாக்காய் கொண்டுவந்து தந்தார்கள், படம் வரையுங்கள் என்பதை நான் எங்கள் ஊர்ப் பேச்சில் 'படம் கீறுங்கோ' என்று சொன்னால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடித்திருந்தது.

பதினோராம் வகுப்புக்குச் சமூகக்கல்வியும் வரலாறும் நான்தான். வேறு ஆள் இல்லை. பாடப்புத்தகத்தில் தெற்குக் கடற்கரைக் காலி நகரத்துக் கோட்டைக்கு ஒரு பக்கம். அதில் பாதி, மேலேயிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வரைந்த கோட்டைப் படம். அந்தப் பாடத்தை நான் கதைபோல நடத்துவேன். போர்த்துக்கீசர் முதலில் தரைப் பக்கத்தில் மட்டுமே மதில் எழுப்பினார்கள். மற்றப் பக்கமெல்லாம் கடலும் பாறையும். கடல் தங்கள் கையில் என்ற நினைப்பு. பயமெல்லாம் ஊர்ச் சனத்தின் மேல்தான். ஒல்லாந்தர் கப்பலில் வந்து இறங்கி அதைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் ஒரு பக்கத்தையும் நம்பவில்லை. சுற்றிவர மதில் கட்டி, கொத்தளத்துக்குக் கொத்தளம் பீரங்கி வைத்து, துறைமுகத்துக்குள் வருகிற தோணியைக்கூட மேலிருந்து பார்க்கிற மாதிரிச் செய்தார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் அப்படிக் காத்தார்கள். ஆங்கிலேயர் வந்தபோது என்ன நடந்தது? கொழும்பு கைமாறிவிட்டது, நீங்களும் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு கடிதம். ஒரு வெடிகூட வெடிக்காமல் கோட்டை வாசல் திறப்பைக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் நான் மேசையில் ஒரு தட்டுத் தட்டி, "அப்ப இவ்வளவு பெரிய மதில் என்னத்துக்கு?" என்று கேட்பேன். வகுப்பு சிரிக்கும். கொடுத்துவிட்டுப் போன தளபதி கோழை என்று வருடா வருடம் கொப்பியில் எழுத வைத்தேன். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதன் எத்தனை பேரின் உயிரை எண்ணிப் பார்த்திருப்பான் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

சாந்தகுமாரி என்று ஒரு பிள்ளை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ராமையாவின் மூத்த மகள். தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்திலிருந்து, பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற ஓ.எல். பரீட்சைக்கு முதன்முதலாகப் போகிறவள். பாஸ் பண்ணுவாள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. உயர்தரத்துக்கு எந்தப் பாடசாலையில் சேர்ப்பது என்பதுதான் பேச்சு. அவள்தான் எழுந்து கேட்டாள்.

"சேர், அவ்வளவு கல்லையும் யாரு சொமந்தது? புஸ்தகத்துல அவங்க பேரே இல்லையே?"

ஊழியஞ் செய்தவர்கள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று ஏதோ சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. இப்படி ஒரு கேள்வி கேட்கிற பிள்ளை ஆசிரியனுக்கு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும், சொல்லுங்கள். "புத்தகத்தை நம்பியிராதை பிள்ளை. நேர போய்க் காலால அளந்து பார். பிறகு நீ கீறின படத்தையும் புத்தகத்தில உள்ள படத்தையும் பக்கத்தில வைச்சுப் பாப்பம்" என்றேன். வகுப்பு முழுவதற்கும் அதையே செய்துவர வேண்டிய ஒப்படையாகக் கொடுத்தேன்.

ஆகஸ்டில் போயிருக்க வேண்டும். அனுமதி வந்து பஸ் கிடைக்க நவம்பர் கடைசியாகிவிட்டது. பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அதிபர் தயங்கினார். அவர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. "சேர், நெலம சரியில்ல. அது கடக்கரை, பக்கத்துலயே நேவி. படம் கிடம் வேணாமே, சும்மா சுத்திப் பாத்துட்டு வாங்களேன்" என்றார். நான் கல்வி உளவியலில் இருந்து அவருக்கு ஒரு விரிவுரை நடத்தினேன். அவர் தலையாட்டிவிட்டுப் பெயர்ப் பட்டியலில் கையெழுத்து வைத்தார்.

முப்பது பிள்ளைகள் வந்தார்கள். இருபத்தொன்பது பேர் மதிலின் மேல் ஏறி ஓடினார்கள், ஐஸ்பழம் சாப்பிட்டார்கள், கடலை முதன்முதலாகக் கண்ட சந்தோஷத்தில் பாவாடையும் காற்சட்டையும் நனையக் கூத்தடித்தார்கள். சாந்தகுமாரி மட்டும் ஒரு கொத்தளத்திலிருந்து அடுத்த கொத்தளத்துக்கு அடி எண்ணி நடந்தாள். உச்சி வெயிலில் கொப்பியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எண்ணினாள். இடையில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை தப்பிவிடும் என்று திரும்பவும் முதலிலிருந்து நடந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பி வரும் வழியில், பிற்பகல் மூன்று மணியிருக்கும், ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். காலையில் அதே இடத்தில் கையசைத்துப் போகவிட்டவர்கள்தான். எல்லோரையும் இறக்கிப் பைகளைக் கொட்டச் சொன்னார்கள். சாந்தகுமாரியின் பைக்குள் இருந்த கொப்பியை ஒரு சிப்பாய் விரித்தான். கோட்டையின் மதில், கொத்தளங்கள், வாசல், ஒவ்வொன்றுக்கும் இடையில் எத்தனை அடி என்று இலக்கம். ஒரு மூலையில் அம்புக்குறி போட்டு 'இங்கிருந்து துறைமுகம் முழுதும் தெரியும். சிறிய கப்பல் நான்கு' என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். தமிழில்.

அதிகாரியைக் கூப்பிட்டார்கள். இளம் வயது, அதட்டவில்லை, மரியாதையாகத்தான் நின்றார். பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். அவளிடம் அடையாள அட்டை கேட்டார். விண்ணப்பித்திருந்தது, வரவில்லை. பிறகு என்னுடையதைக் கேட்டார். வாங்கி, பிறந்த இடத்தைப் பார்த்தார். பருத்தித்துறை. அட்டையைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அத்தனை வருடம் அந்த மண்ணில் சோறு தின்றும் எனக்குச் சிங்களம் கடைச்சாமான் வாங்குகிற அளவுக்கு மேல் வரவில்லை. முழித்தேன்.

சாந்தகுமாரிதான் மொழிபெயர்த்தாள். அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் ஒன்றுதான்.

"சேர், இத வரையச் சொன்னது நீங்களான்னு கேக்குறாருங்க."

தம்பி தங்கையரே, அந்த நேரத்தில் மனம் எப்படி வேலை செய்யும் என்பதை எந்தப் பயிற்சிக் கலாசாலையிலும் சொல்லித் தர மாட்டார்கள். ஆம் என்று சொன்னால் என்னவாகும் என்று பார்த்தேன். வடக்கத்தியான் ஒருவன், கடற்படை இருக்கிற துறைமுகத்தை ஒரு சின்னப் பிள்ளையை வைத்து அளந்திருக்கிறான். நான் வெளியே வர எத்தனை வருடமாகும்? வருவேனா? இல்லை என்று சொன்னால், தோட்டத்துப் பிள்ளை, பாடசாலைச் சீருடை, ஏதோ விளையாட்டாக வரைந்தது என்று ஒரு சத்தம் போட்டு விட்டுவிடுவார்கள். இப்படித்தான் கணக்குப் போட்டேன். இது அவளுக்கும் நல்லது என்றுகூட அந்தக் கணத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தனை சுருக்கில் அத்தனை நியாயம் எங்கிருந்து வந்ததோ.

"எனக்குத் தெரியாது எண்டு சொல்லு பிள்ளை" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னதைச் சரியாகக் கேட்டோமா என்று சந்தேகப்படுகிற பார்வை. பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, "சேர் தன்னே நே" என்றாள். சேருக்குத் தெரியாது. எனக்கெதிரான சாட்சியை அல்ல, எனக்கான பொய்யை அவள் வாயாலேயே சொல்ல வைத்தேன். அதோடு நிறுத்தாமல் இன்னொரு வாக்கியமும் சொன்னாள். அது எனக்கு விளங்கவில்லை.

அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். என் அட்டையைத் திருப்பித் தந்தார்கள்.

பஸ் புறப்பட்டதும் பின் சீட்டிலிருந்து ஒரு பிள்ளை, "சேர், நீங்கதானேங்க எல்லாரையும் வரையச் சொன்னீங்க?" என்றது. "வாயை மூடிக்கொண்டு இரு" என்றேன்.

மறுநாள் காலை ராமையா என் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றார். பிள்ளைகள் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். லயம் முழுவதற்கும் தெரியும். அவர் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"சேர், பொலிஸ்ல போயி நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா விட்ருவாங்கன்னு சொல்றாங்க. பள்ளிக்கூடத்து வேலதான்னு நீங்க சொன்னா போதுமாங்க. பரீச்ச வருது சேர். போவோமுங்களா?"

"போவம் ராமையா. நாளைக்குப் போவம்" என்றேன்.

அந்த 'நாளைக்கு' வந்தபோது எனக்குக் காய்ச்சல். பொய்க் காய்ச்சல் இல்லை, உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. வெப்பமானி வைத்துப் பார்த்து எனக்கே ஒரு திருப்தி. அதற்கடுத்த நாள் கடிதமாக எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினேன். அதை ராமையா கொண்டுபோய்க் கொடுத்தபோது, தெரியாது என்று சொன்ன ஆசிரியர் இப்போது தெரியும் என்று எழுதுகிறாரே, ஆளை நேரே வரச் சொல் என்று அனுப்பிவிட்டார்கள். ஆளை நேரே வரச் சொல்கிறார்கள் என்றதும் காய்ச்சல் திரும்ப வந்தது. ராமையா ஒவ்வொரு நாளும் விடியப் பால் வெட்டி முடித்துவிட்டு வந்து நின்றார். ஒவ்வொரு நாளும் 'சேர், இன்னைக்கு ஒடம்பு எப்படிங்க?' என்றுதான் முதலில் கேட்டார்.

ஆறாம் நாள் அதிபர் தானே பொலிஸுக்குப் போய்வந்தார். வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வாக்குமூலத்தப் பாத்தேன் சேர். அவ என்ன சொல்லியிருக்கா தெரியுமா? யாரும் சொல்லல, நானாத்தான் வரைஞ்சேன்னு. அன்னைக்கு ரோட்டுலயும் அதத்தான் சொல்லியிருக்கா. அதனாலதான் விட மாட்டேங்குறாங்க. ஒரு தோட்டத்துப் புள்ள தானா எதுக்கு ஹார்பரப் பாத்து கப்பல எண்ணுதுன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்விதானே?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"நீங்க சொன்ன பொய்ய அவ தாங்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா சேர். அத விட்டுட்டான்னா அவ வெளிய வந்துருவா, நீங்க உள்ள போயிருவீங்க. அது அவளுக்கு வெளங்குது."

"நான் என்ன செய்ய ஏலும் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் மறுநாள் கரவனெல்லைப் பக்கம் ஒரு சிங்களப் பாடசாலைக்குப் போனார். அங்கே அவருக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவரிடம் அதே பாடப்புத்தகத்தின் சிங்களப் பதிப்பைக் கேட்டு வாங்கினார். அதே பாடம், அதே கோட்டை, அதே படம். அதைக் கொண்டுபோய்ப் பொலிஸ் மேசையில் விரித்து வைத்து, 'அளந்து வரச் சொன்னது நான்தான், அதிபர் என்ற முறையில் நான்தான் பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் சொல்லியிருக்க வேண்டிய உண்மையை அவர் பொய்யாகச் சொன்னார். அவரையும் ஒரு பகலும் இரவும் வைத்திருந்து விசாரித்தார்கள். அதன் பிறகும் மேலிடத்து அனுமதிக்கு மூன்று நாள் போனது. பன்னிரண்டாம் நாள் அவளை விட்டார்கள். தமிழும் கணிதமும் முடிந்திருந்தன. அவை இரண்டும் இல்லாமல் உயர்தரம் இல்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டு உங்களில் சிலர் என்னை மன்னித்துவிடுவீர்கள். சிப்பாயின் துவக்குக்கு முன்னால் நின்ற மனிதன், அந்தக் காலம் அப்படி, நாங்கள் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்போம் என்பீர்கள். என் மனைவியும் சாகும்வரை அப்படித்தான் சொன்னாள். நான் உங்களிடம் சொல்ல வந்தது அதைப் பற்றி அல்ல. துவக்கு எதுவும் இல்லாத இடத்தில் அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் சொல்ல வந்தேன்.

டிசம்பர் விடுமுறையில் அவளைப் பார்க்க லயத்துக்குப் போனேன். ராமையா கதிரையைத் துடைத்துப் போட்டார். அவள் மெலிந்திருந்தாள். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அடுத்த வருடம் திரும்ப எழுதலாம், ஜனவரியிலேயே வகுப்புக்கு வந்துவிடு, நான் தனியாகச் சொல்லித் தருகிறேன் என்று மூச்சு விடாமல் பேசினேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"பரீச்ச எழுதணும்னுதாங்க எனக்கும் ஆச" என்றாள். "ஆனா ஒங்க வகுப்புல என்னால ஒக்கார முடியாது சேர்."

"என்னில கோவமே பிள்ளை?"

"கோவமில்லீங்க. நீங்க பயந்துட்டீங்க. நானும் அங்க பயந்துதான் கெடந்தேன். ஆனா நீங்க போர்டு பக்கத்துல நின்னு எதச் சொன்னாலும் எனக்கு அந்த ரோடு ஞாபகம் வரும். எப்படிங்க படிக்கிறது? நீங்க வேற ஸ்கூலுக்கு மாத்திக்கிட்டுப் போனீங்கன்னா நான் வாறேன். வேற யாராச்சும் வந்து சொல்லிக் குடுக்கட்டும்."

ராமையா, "ஏய், சேர்கிட்ட இப்படியா பேசுற" என்று அதட்டினார். அவள் சொன்னதில் அதட்ட ஒன்றும் இருக்கவில்லை. நியாயமான, சின்னக் கோரிக்கை. பன்னிரண்டு நாள் எனக்காக உள்ளே இருந்தவள் கேட்டது அவ்வளவுதான்.

சரி என்றேன். யோசித்துச் செய்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. 'சரி பிள்ளை, நான் போறன்' என்று வாக்குக் கொடுத்தேன்.

அதிபர் இடமாற்றப் படிவத்தை எடுத்து வைத்திருந்தார். குருவிட்டைப் பக்கம் ஒரு பாடசாலையில் இடம் இருந்தது, என் இடத்துக்கு வர அங்கிருந்து ஓர் ஆசிரியர் தயாராகவும் இருந்தார். ஒரு கையெழுத்து வைத்தால் முடிந்தது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். குருவிட்டையில் பாடசாலை பிரதான வீதியில் இருக்கிறது. வாடகை அறை எடுக்க வேண்டும், வடக்கிலிருந்து வந்தவன் என்று பொலிஸில் பதிய வேண்டும், பஸ்ஸில் ஏறி இறங்க வேண்டும். இங்கே கதவைச் சாத்தினால் மலையும் மழையும் மட்டும்தான். இந்த மாதம் போகட்டும், தவணை தொடங்கட்டும், அவளே மனம் மாறி வந்துவிடுவாள் என்று தள்ளிப் போட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை. யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. யோசிக்க எனக்கு வேண்டிய மட்டும் நேரம் இருந்தது. அதிபர் ஒரே ஒரு முறை, "ஃபோம் என்னாச்சு சேர்?" என்றார். நிரப்புகிறேன் என்றேன். அவர் பிறகு கேட்கவில்லை.

ஜனவரியில் பாடசாலை தொடங்கியது. பதினோராம் வகுப்புக்கு நான்தான் போனேன். ரப்பர் தோட்டத்திலிருந்து பால் நிறுக்கிற இடத்துக்குப் போகிற பாதை எங்கள் வகுப்பு ஜன்னலை ஒட்டிப் போகும். ராமையா பால் வாளியுடன் அந்த வழியால் வருவார். முதல் நாள் ஜன்னலருகே நின்று, கரும்பலகைக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்தார். என்னைக் கண்டதும், "வாறேனுங்க சேர்" என்று தலையைக் குனிந்து போய்விட்டார். மறுநாளும் பார்த்தார். அடுத்த வாரமும் பார்த்தார். ஏன் போகவில்லை என்று அவர் என்னிடம் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. வீட்டில் ஒருத்தி விசாரித்துவரச் சொல்லி அனுப்புகிறாள் என்பது எனக்குத் தெரியும். புத்தகங்களுக்கு அவள் உறை போட்டு வைத்திருக்கிறாள் என்று பக்கத்து லயத்துப் பிள்ளை ஒன்று சொன்னது.

பிப்ரவரி முடிகிற சமயம். நான் ஒல்லாந்தர் காலத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ராமையா வாளியுடன் வந்தார். ஜன்னல் பக்கம் திரும்பாமல் நேராக நடந்து போனார். அதற்கு முந்தின நாள்தான் மகளைக் கொழும்புப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலைக்கு அனுப்பியிருந்தார் என்று பிறகு அறிந்தேன். அந்தப் பாடசாலையில் நான் இன்னும் எட்டு வருடம் இருந்தேன்.